கொல்லைக் கேள்விகள்: எந்தத் தக்காளியைப் போடுவது?

போன இதழில் கத்தரியைப் பற்றி எழுதினேன், வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் தக்காளியைப் பற்றி. கத்தரிக்காய் விலை ஏறினால் முணுமுணுப்போம், தக்காளி விலை ஏறினால் மண்வெட்டியைத் தேடுவோம், அதுதான் காரணம் போலிருக்கிறது. இந்த முறை கடலூர், புதுச்சேரி பக்கத்துக் கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். நானும் மஞ்சக்குப்பத்துக்காரன், இந்த மண்ணையும் மழையையும் தாண்டித் தெரிந்ததுபோல் பேச வேண்டாமே என்று.

மொட்டை மாடியில் பத்துப் பைகளில் தக்காளி வைக்க ஆசை. விதைக் கடையில் போய் நின்றால் இருபது விதமான பாக்கெட் தொங்குகிறது, எல்லாவற்றிலும் ஒரே மாதிரி சிவப்பாகப் படம். எதை வாங்குவது அண்ணா?
(வாசகி, லாஸ்பேட்டை)

படத்தைப் பார்க்காதீர்கள். பாக்கெட்டைத் திருப்பி, பின்னால் பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். செடி குட்டையா நெட்டையா, விதை ரகமா (விதை எடுத்துப் போட்டால் அதே மாதிரி செடி வரும்) ஹைபிரிடா (இரண்டு ரகத்தைக் கலந்து எடுத்தது), எந்த நோயைத் தாங்கும், சோதனை செய்த தேதி என்ன. இந்த நான்கும் இல்லாத பாக்கெட்டை அங்கேயே தொங்கவிட்டுவிடலாம்.

முதலில் செடியின் சுபாவம். தக்காளியில் ஒரு வகை குறிப்பிட்ட உயரம் வந்ததும் நுனியில் பூங்கொத்து வைத்து நின்றுவிடும், காய்களும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் பழுக்கும். இன்னொரு வகை நிற்கவே நிற்காது, கொடி மாதிரி ஏறிக்கொண்டே, பூத்துக்கொண்டே போகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு வகையும் உண்டு. மாடியில் கடற்காற்று அடிக்கிற லாஸ்பேட்டையில் முதல் வருடம் செய்கிறவர் நெட்டைக் கொடியோடு மல்லுக்கட்ட வேண்டாம், குட்டையோ நடுத்தரமோ போதும். ஒரு முழம் அகலமும் ஒரு அடிக்குக் குறையாத ஆழமும் உள்ள பை, நடுவில் ஒரு சவுக்குக் கம்பு, வேலை முடிந்தது.

அப்புறம் ரகம். நான் யார் கேட்டாலும் முதலில் சொல்வது பி.கே.எம். 1. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த ரகம், அதுதான் பி.கே.எம். தேனிப் பக்கத்து அன்னஞ்சி என்ற உள்ளூர்த் தக்காளியில் சடுதிமாற்றம் உண்டாக்கித் தேர்ந்தெடுத்தது. பழம் தட்டையாக உருண்டு, காம்புப் பக்கம் பச்சைத் தோளோடு இருக்கும். நாம் மார்க்கெட்டில் நாட்டுத் தக்காளி என்று பொறுக்குகிறோமே, அந்த முகம், அந்தப் புளிப்பு. ரசத்துக்கும் மீன் குழம்புக்கும் இதை மிஞ்ச ஒன்று இன்னும் என் கைக்குக் கிடைக்கவில்லை. விதை ரகம் என்பதால் நீங்களே விதை எடுத்துக்கொள்ளலாம். குறை என்னவென்றால் இலைச்சுருள் என்கிற வைரஸ் நோய் வந்தால் தாங்காது.

இரண்டாவது அர்க்கா விகாஸ், பெங்களூரு ஹெசரகட்டாவில் இருக்கும் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் விதை ரகம். பழம் 80, 90 கிராம் வரும், ஒரு வேளை தண்ணீர் ஊற்ற மறந்தாலும் மன்னிக்கிற செடி. வேலைக்குப் போகிறவர்களுக்கு இதைச் சொல்வேன்.

மூன்றாவது அதே நிறுவனத்தின் அர்க்கா ரக்ஷக். இது ஹைபிரிட். இலைச்சுருள், பாக்டீரியா வாடல், முன்பருவ இலைக்கருகல் என்று மூன்றையும் தாங்கும்படி உருவாக்கியது. ஒரு செடியில் 19 கிலோ வரை எடுத்தார்கள் என்று செய்தியில் படித்துவிட்டு என்னிடம் வந்தவர்கள் உண்டு, அதெல்லாம் சொட்டு நீரும் உரமும் கணக்காகக் கொடுத்து வயலில் எடுத்தது. மாடியில் ஒரு பையில் இரண்டு மூன்று கிலோ வந்தால் பக்கத்து வீட்டுக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

உங்கள் பத்துப் பையில் நான்கு பி.கே.எம்., மூன்று அர்க்கா விகாஸ், இரண்டு ரக்ஷக், மிச்சம் ஒன்றில் செர்ரித் தக்காளி. பத்திலும் ஒரே ரகம் மட்டும் வேண்டாம், அதற்கு ஒரு நோய் வந்தால் மாடியே காலி. செர்ரி மட்டும் பெரும்பாலும் கொடியாக ஆறடி ஏறும், அதைக் கைப்பிடிச் சுவர் ஓரமாக வைத்துக் கயிறு கட்டுங்கள், பிள்ளைகள் இருந்தால் பழம் அடுப்படி வரை வந்து சேராது. ஒரு முறை செர்ரி என்று எழுதிய பாக்கெட்டை வாங்கி நான்கு மாதம் வளர்த்து, முட்டை வடிவில் கெட்டித் தோல் பழம் காய்த்ததைப் பார்த்து என் மனைவி சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. அதனால் விதையைக் கூடுமானவரை ஆராய்ச்சி நிலையங்களில், வேளாண் அறிவியல் நிலையங்களில் வாங்குவது என் வழக்கம். உங்களுக்குக் குரும்பாப்பேட்டை நிலையம் பக்கம், போய்க் கேட்டுப் பாருங்கள். பெங்களூரு ரகங்களை அந்த நிறுவனமே இணையத்தில் விற்கிறது.

ஆடிப்பட்டம் தேடி விதை என்கிறார்கள். நானும் ஆடியில் விதைத்தேன். ஐப்பசியில் பழம் பழுக்கிற நேரத்தில் மழை பிடித்துக்கொண்டு எல்லாம் வெடித்து, அழுகி, ஒன்றும் மிஞ்சவில்லை. எப்போதுதான் விதைப்பது?
(வாசகர், அரியாங்குப்பம்)

அந்தப் பழமொழி பொய்யில்லை, அதைத் தக்காளிக்குப் பொருத்தியதுதான் தவறு. அதுவும் நம் கடலோரத்தில்.

கணக்கைப் பாருங்கள். ஆடியில் விதைத்தால் ஆவணியில் நடவு, புரட்டாசியில் பூ, ஐப்பசியில் பழம். வடகிழக்குப் பருவமழை வாசலில் வந்து நிற்கும்போது பழம் தோல் மெலிந்து நிற்கும். வறண்டு கிடந்த வேருக்குத் திடீரென்று தண்ணீர் கிடைத்ததும் உள்ளே சதை பெருக்கும், தோல் அந்த வேகத்துக்கு வளராது, வெடிக்காமல் என்ன செய்யும்?

இதையே கார்த்திகை முதல் வாரத்தில் குழித்தட்டில் விதைத்துப் பாருங்கள். தாழ்வாரத்திலோ தகரக் கூரைக்கு அடியிலோ வெளிச்சம் விழும் இடமாக, மழை நேராக விழாமல் வையுங்கள். 25 நாளில் நாற்று தயார், மார்கழி பிறக்கும்போது நடவு. பெருமழை அநேகமாக ஓய்ந்திருக்கும், பூ தை மாதத்தில் வரும். நம் ஊரில் இரவு கொஞ்சம் குளிர்வது அந்த ஒரு மாதம்தான், அந்த நேரத்தில் பிடிக்கிற காய்தான் காய். மாசிக் கடைசியில் முதல் பழம் கையில் கிடைக்கும், சித்திரை வரை பறிக்கலாம்.

‘அநேகமாக ஓய்ந்திருக்கும்’ என்றுதான் சொன்னேன். 2011-இல் தானே புயல் டிசம்பர் 30-ஆம் தேதி, நல்ல மார்கழியில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையேறியது யாருக்கும் மறந்திருக்காது. 2024-இல் ஃபெஞ்சல் புயல் வந்தபோது என் நாற்றுத் தட்டுகள் மாடியில் இருந்தன, நான் சோம்பேறித்தனமாக நாளைக்கு இறக்கலாம் என்றிருந்தேன். புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் மழை, அப்புறம் சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டுத் தென்பெண்ணை ஊருக்குள் வந்தது. மாடியில் வெள்ளம் இல்லை, தட்டுகள்தான் இல்லை. அன்று முதல் ஒரே நாளில் எல்லா விதையையும் போடுவதில்லை, பாதியை இன்று, மீதியைப் பதினைந்து நாள் கழித்து. நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

மகன் பாரிஸ் பக்கம் இருக்கிறான். போன தடவை வந்தபோது இரண்டு விதமான பிரெஞ்சுத் தக்காளி விதை கொண்டுவந்தான், ஒன்று மர்மாந்த், இன்னொன்று கேர் த பெஃப், மாட்டு இதயம் என்று அர்த்தமாம். பங்குனியில் போட்டேன். செடி என் தோள் உயரம், பூ கொத்துக் கொத்தாக, ஆனால் எல்லாம் கொட்டிப் போகிறது. ஒரு காய்கூட நிற்கவில்லை.
(வாசகி, முத்தியால்பேட்டை)

அம்மா, மகன் கொண்டுவந்ததைக் குறை சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். அந்தச் செடிகளுக்கு இங்கே தூக்கம் வரவில்லை, அவ்வளவுதான்.

தக்காளிக்கு மகரந்தம் கெடுவது பகல் வெயிலால் மட்டும் இல்லை, இரவுப் புழுக்கத்தாலும். பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் 25-க்குக் கீழே இறங்காமல் இருந்தால் பெரும்பாலான ரகங்களில் பூ இருக்கும், மகரந்தம் வேலை செய்யாது, காம்பு மஞ்சளாகி உதிரும். சித்திரை வைகாசியில் உங்கள் முத்தியால்பேட்டையில் விடியற்காலை மூன்று மணிக்கும் விசிறி இல்லாமல் படுக்க முடியுமா? செடிக்கும் அதே பாடு. இதில் பெரிய பழ ரகங்கள் இன்னும் பலவீனம். அந்த மாட்டு இதயம் அரைக் கிலோகூடப் போகிற பழம், காய் பிடிக்கவும் பழுக்கவும் நாள் எடுக்கும், அதற்குள் நம் குளிர்காலம் வந்து போய்விடும். மர்மாந்த் அதைவிடச் சீக்கிரம் காய்க்கும். பார்ப்பதற்கும் நம் நாட்டுத் தக்காளியின் பெரியம்மா மாதிரி தட்டையாக வரிவரியாக இருக்கும். மிச்ச விதை இருந்தால் கார்த்திகையில் போட்டுப் பாருங்கள், நான்கைந்து பழமாவது கிடைக்க வாய்ப்பு உண்டு. மாட்டு இதயத்தை ஆசைக்கு ஒரு செடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

பூ இருக்கும்போது காலை எட்டு ஒன்பது மணி வாக்கில் கொத்தின் காம்பை விரலால் மெதுவாகத் தட்டிவிடுங்கள். தக்காளிப் பூ தனக்குத்தானே சூல் கொள்ளும், ஆனால் ஓர் அதிர்வு வேண்டும். சுவர் மறைத்த மாடியில் காற்றும் தேனீயும் குறைவு.

இன்னொன்று. அடுத்த தடவை மகனை விதை கொண்டுவரச் சொல்லாதீர்கள். அனுமதியும் நோயில்லை என்ற சான்றிதழும் இல்லாமல் வெளிநாட்டு விதையை உள்ளே கொண்டுவரக் கூடாது என்பது சட்டம். தக்காளியில் விதையோடு வரும் நோய்கள் இருக்கின்றன, விளையாட்டில்லை.

தம்பி, எனக்கு எழுபத்திரண்டு வயது. கொல்லையில் வருடா வருடம் தக்காளி வைப்பேன். இரண்டு வருடமாகக் காய் பிடிக்கிற நேரத்தில் நேற்று நன்றாக இருந்த செடி இன்று காலை பச்சையாகவே தொங்கிப்போகிறது. தண்ணீர் ஊற்றினாலும் எழுந்திருக்கவில்லை. வேரில் புழு இல்லை. என்ன இது?
(வாசகர், நெல்லிக்குப்பம்)

ஐயா, இலை மஞ்சளாகாமல் பச்சையாகவே தொங்கினால் எனக்கு முதல் சந்தேகம் பாக்டீரியா வாடல். வீட்டிலேயே பார்த்துவிடலாம். வாடிய செடியின் அடித்தண்டில் ஒரு விரல் நீளம் வெட்டி, கண்ணாடி டம்ளரில் சுத்தமான தண்ணீர் ஊற்றி, வெட்டிய முனை தண்ணீரில் முங்கும்படி அசையாமல் தொங்கவிடுங்கள். கொஞ்ச நேரத்தில் வெட்டுவாயிலிருந்து பால் நூல் மாதிரி வெள்ளையாக இறங்கினால் அதேதான். முதன்முதலில் இதைப் பார்த்தபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது, ஏனென்றால் அது மண்ணில் இருக்கிறது என்று அர்த்தம், மருந்து அடித்துப் போகிற விஷயம் இல்லை, வருடக்கணக்கில் தங்கும்.

செய்யக்கூடியது இவ்வளவு. வாடிய செடியை வேரோடும் வேரைச் சுற்றிய மண்ணோடும் எடுத்து வெளியே கொண்டுபோய் எரியுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். அந்த இடத்தில் இரண்டு மூன்று வருடம் தக்காளி, கத்தரி, மிளகாய், மணத்தக்காளி எதுவும் வேண்டாம், எல்லாம் ஒரே குடும்பம். மாற்றாக மல்லாட்டை (நிலக்கடலை) போடலாமே என்று நம் பக்கத்தில் தோன்றும், அதையும் இந்த நோய் விடாது. கீரை, வெண்டை, சோளம் என்று போங்கள். பாதிக்கப்பட்ட பாத்தித் தண்ணீர் அடுத்த பாத்திக்கு ஓடாமல் வரப்பைக் கட்டுங்கள், மண்வெட்டியைக் கழுவிவிட்டு எடுங்கள்.

தக்காளி இல்லாமல் முடியாது என்றால் இரண்டு வழி. கொல்லை மண்ணை விட்டுவிட்டு வேறிடத்து மண்ணில், பையில் வளர்ப்பது ஒன்று. பையைத் தரையில் வைக்காமல் செங்கல் மேல் வையுங்கள். இல்லையென்றால் தாங்கும் ரகம், அர்க்கா ரக்ஷக் அல்லது அர்க்கா ஆபா. ஆபா விதை ரகம், வாடலுக்கென்றே தேர்ந்தெடுத்தது. தாங்கும் என்றால் வரவே வராது என்றில்லை, பத்தில் எட்டு நின்றால் அது தாங்கும் ரகம்.

கத்தரி வேரில் தக்காளியை ஒட்டுக்கட்டிய கன்றும் சில நாற்றங்கால்களில் கிடைக்கிறது. வேருக்கு ஏற்ற கத்தரியாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருந்தால் வாடலையும் தாங்கும், இரண்டு நாள் தண்ணீர் தேங்கினாலும் சாகாது, நம் தாழ்வான கொல்லைகளுக்கு நல்ல யோசனை. சாதாரண நாற்றைத் தண்டு புதைய ஆழமாக நடுவோம் இல்லையா, தண்டிலிருந்தும் வேர் விடும் என்று? ஒட்டுக்கன்றை அப்படி நட்டுவிடாதீர்கள். ஒட்டு மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும். புதைத்தால் தக்காளித் தண்டே வேர் விட்டுவிடும், ஒட்டுக்குக் கொடுத்த காசு வீண்.

ஒட்டு, வீரிய ஒட்டு, ஹைபிரிட், மரபணு மாற்று: நான்கும் ஒன்றா? எங்கள் வீட்டில் ஹைபிரிட் தக்காளி சாப்பிடக் கூடாது என்று பாட்டி சண்டை.
(கல்லூரி மாணவி, வில்லியனூர்)

வீரிய ஒட்டும் ஹைபிரிடும் ஒன்று. ஒரு ரகத்தின் மகரந்தத்தை இன்னொரு ரகத்தின் பூவில் கையால் தடவி எடுக்கிற முதல் தலைமுறை விதை. பெயரில் ஒட்டு இருக்கிறதே தவிர வெட்டிக் கட்டுகிற ஒட்டு இல்லை, அது மேலே பெரியவருக்குச் சொன்ன சமாச்சாரம். மரபணு மாற்று இரண்டிலும் சேராது, ஆய்வகத்தில் செடியின் மரபணுவையே மாற்றுவது, அப்படிப்பட்ட தக்காளி இந்தியாவில் விற்பனைக்கே வரவில்லை. பாட்டிக்குச் சுவைதான் குறை என்றால் அவர் கட்சியில் நானும் உண்டு, தூர ஊருக்கு லாரியில் போவதற்கென்று கெட்டித் தோலாக உருவாக்கிய பழத்தில் ரசம் வைத்தால் அது சிவப்புத் தண்ணீர்தான்.

பாட்டியிடம் இன்னொன்று கேளுங்கள். தக்காளி தென்னமெரிக்காவிலிருந்து வந்தது, முன்பு இதைச் சீமைத் தக்காளி என்பார்கள். வெறுமனே தக்காளி என்ற பெயர் அதற்கும் முன்பே நம்மிடம் இருந்தது, மணத்தக்காளியும் சொடக்குத் தக்காளியும் அந்தச் சொந்தம். அந்தக் கணக்கில் நாட்டுத் தக்காளியே சீமைச் சரக்குதான்.

செடி நன்றாக வந்தது, ஒரு மாதத்தில் இலையெல்லாம் மேல்நோக்கிச் சுருண்டு, சின்னதாகி, குத்துக் குத்தாக நின்றுவிட்டது. வேப்பெண்ணெய் அடித்தேன், மாறவில்லை.
(வாசகர், தவளக்குப்பம்)

மாறாது. அது இலைச்சுருள் வைரஸ், பரப்புவது வெள்ளை ஈ. நோய் வந்த செடிக்கு வேப்பெண்ணெய் வைத்தியம் இல்லை, ஈயை விரட்டத்தான். ஒரு லிட்டருக்கு 5 மில்லி, கரைய இரண்டு சொட்டு சோப்புக் கரைசல், சாயந்தரத்தில், இலைக்கு அடியில் படும்படி. பூப்பதற்கு முன்பே சுருண்ட செடியைக் கண்ணீர் விடாமல் பிடுங்கிவிடுங்கள், அதை வைத்துக்கொண்டிருந்தால் மற்றதற்கும் கொடுக்கும்.

நாற்றாக இருக்கும்போது நுழையும் வைரஸ்தான் செடியை முழுதாக முடிக்கிறது. அதனால் நான் நாற்றுத் தட்டைப் பழைய மெல்லிய வேட்டியால் கூடாரம் மாதிரி மூடி வளர்க்கிறேன், நடுகிற அன்றுதான் திறப்பேன். உங்கள் தெருவில் இது வருடா வருடம் வருகிறது என்றால் பி.கே.எம்.-ஐ விட்டுவிட்டு அர்க்கா ரக்ஷக்கோ, கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் வீரிய ஒட்டு கோ 3-ஓ போடுங்கள். வெயில் ஏற ஏற வெள்ளை ஈ கூடும் என்பதால் மார்கழியில் நட்டவருக்கு இதிலும் பாதி தப்பித்தல்.

ஹைபிரிட் பழத்தில் விதை எடுத்துப் போடலாமா?
(வாசகர், குறிஞ்சிப்பாடி)

போடலாம், முளைக்கும். பிள்ளைகள் ஆளுக்கொரு ஜாடையில் பிறக்கும், நோய் தாங்குகிற குணம் எதற்கு வந்தது எதற்கு வரவில்லை என்று செடி சாகும்போதுதான் தெரியும். மார்க்கெட்டில் வாங்கிய பழத்துக்கும் இதே பதில், இப்போது வருவதில் பெரும்பாலும் ஹைபிரிட்.

விதை எடுக்க வேண்டுமென்றால் பி.கே.எம். 1, அர்க்கா விகாஸ் மாதிரி விதை ரகத்தில் எடுங்கள். தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்திலேயே காய்ப்பதால் பக்கத்தில் வேறு ரகம் இருந்தாலும் அதிகம் கலக்காது. நோயில்லாத செடியில், இரண்டாவது மூன்றாவது கொத்தில் நன்றாகப் பழுத்த பழமாக எடுத்து, விதையைச் சாறோடு பிழிந்து, ஒரு டம்ளரில் மூடாமல் வையுங்கள். நம் ஊர் வெக்கையில் ஒன்றரை நாள் போதும், மேலே நுரை கட்டி ஒரு வாடை வரும், விதையைச் சுற்றிய வழவழப்பு கழன்றிருக்கும். இரண்டு நாளுக்கு மேல் விட்டால் டம்ளரிலேயே முளைக்க ஆரம்பித்துவிடும், எனக்கு நடந்திருக்கிறது. வடிகட்டிக் கழுவி, எவர்சில்வர் தட்டில் பரப்பி நிழலில் காய வையுங்கள். காகிதத்தில் பரப்பினால் ஒட்டிக்கொண்டு வராது. நன்றாகக் காய்ந்தபின் காற்றுப் புகாத சின்ன பாட்டிலில், பெயரும் தேதியும் எழுதி வைத்தால் மூன்று வருடம் கவலையில்லை.

எங்கள் வீட்டு போர் தண்ணீர் லேசாக உப்பு. தக்காளி வருமா? ஆர்.ஓ. மெஷினில் வெளியேறுகிற தண்ணீரை ஊற்றலாமா?
(வாசகி, கடலூர் முதுநகர்)

இரண்டாவதற்கு முதலில் பதில்: கூடாது. உங்கள் மெஷின் நல்ல தண்ணீரை உங்களுக்குக் கொடுத்துவிட்டு உப்பையெல்லாம் அந்தக் குழாயில்தான் தள்ளுகிறது.

லேசான உப்பைத் தக்காளி ஓரளவு பொறுக்கும், காய் சிறுக்கும், ஆனால் இனிக்கும். பையின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்தால் அளவு மீறுகிறது என்று அர்த்தம். மழைத் தண்ணீரை டிரம்மில் பிடித்து வைத்துக்கொண்டு நாற்றுக்கும் முதல் ஒரு மாதத்துக்கும் அதையே ஊற்றுங்கள், அப்புறம் பாதிக்குப் பாதி கலந்துகொள்ளலாம். பத்து நாளைக்கு ஒரு முறை அடி ஓட்டை வழியாக ஓடும் வரை நல்ல தண்ணீர் விட்டால் சேர்ந்த உப்பு இறங்கும். தென்னை நார்க் கழிவு கலப்பவர் அதை இரண்டு தண்ணீராவது அலசிவிட்டுக் கலக்க வேண்டும், அதிலேயே உப்பு இருக்கும். ரகம் என்று கேட்டால் சின்னப் பழ வகைகள் கொஞ்சம் தாக்குப் பிடிக்கும். முட்டை வடிவ நீளப் பழத்தைத் தவிர்த்துவிடுங்கள், உப்புத் தண்ணீரில் முதலில் அடி கறுப்பது அதுதான்.

காயின் அடிப்பக்கம் கறுத்து, பள்ளமாகி, தோல் மாதிரி ஆகிறது. முட்டை ஓடு போட்டேன்.
(வாசகர், செம்மண்டலம்)

முட்டை ஓடு கரைய மாதங்கள் ஆகும், செடி அதுவரை காத்திருக்காது. மண்ணில் சுண்ணாம்புச் சத்து இருந்தாலும் தண்ணீரோடு சேர்ந்துதான் அது காய்க்குப் போகும், நீங்கள் இரண்டு நாள் விட்டு மூன்றாம் நாள் குடம் குடமாக ஊற்றினால் போகாது. தினமும் ஒரே அளவு, மேலே சருகு மூடாக்கு, யூரியாவை நிறுத்துங்கள். கறுத்ததைப் பறித்துப் போட்டுவிடுங்கள், அடுத்த கொத்து சரியாக வரும்.

யூடியூபில் பார்த்துப் பக்கக் கிளைகளையெல்லாம் கிள்ளினேன், காயே குறைந்துவிட்டது.
(வாசகர், நெய்வேலி)

அவர் கிள்ளியது நெட்டைக் கொடி, நீங்கள் கிள்ளியது குட்டைச் செடி. குட்டையில் காய்ப்பதே அந்தப் பக்கக் கிளைகளில்தான், அடியில் மண்ணைத் தொடுகிற இலையை மட்டும் எடுங்கள்.

சித்திரையில் பழுக்கிற பழம் சிவப்பே ஆகாமல் மஞ்சளும் ஆரஞ்சுமாக நிற்கிறது. விதை மாறிவிட்டதா, கடைக்காரரிடம் போய்ச் சண்டை போடலாமா?
(வாசகி, பாகூர்)

போகாதீர்கள், மாசியில் அதே செடியில் சிவப்பாகப் பழுத்ததைத்தானே சாப்பிட்டீர்கள்? 30, 32 டிகிரிக்கு மேல் வெப்பம் போனால் பழத்தில் சிவப்பு நிறமி உருவாவது மட்டுப்படும், மஞ்சள் நிறமி தொடரும். செடியிலேயே சிவக்கட்டும் என்று காத்திருந்தால் வெயில் பட்ட பக்கம் வெந்து வெளுத்துவிடும், மிச்சத்தை அணில் பார்த்துக்கொள்ளும். அடிப்பக்கம் லேசாக நிறம் மாறியதுமே பறித்து, வீட்டுக்குள் குளிர்ச்சியான இடத்தில், பானைக்குப் பக்கத்தில் ஒரு கூடையில் வையுங்கள். ஃப்ரிட்ஜில் வேண்டாம். நான்கைந்து நாளில் சிவந்துவிடும்.